ஒக்டோபர் முதல் ஞாயிறு

இரவு இரண்டு மணிக்கு
அரசாங்கம் வந்து
ஒரு மணித்தியாலத்தை எடுத்துக்கொண்டு போனது.
கைபேசிகள் தாமாகவே ஒப்புக்கொண்டன.
அடுப்புக்கு மேலிருக்கும் மணிக்கூட்டை
நான் கதிரையில் ஏறித் திருப்பினேன்.
கோழிகளுக்கு யாரும் சொல்லவில்லை.

இருநூற்றுப் பதினான்கு கோழிகள்,
சக்கரம் கழறாத இரண்டு பழைய கரவன்கள்,
கொரம்பராவுக்கு வெளியே ஆறு ஏக்கர் மேடு.
மேட்டின் அடியில், முன்பு டிராக்டர் நின்ற கொட்டிலில்,
எங்கள் கஃபே. ஒன்பது மேசை.
பத்தாவதின் காலைத் திருத்துகிறேன் என்று
நகுலேசன் சொல்லி இரண்டு மழைக்காலம்.

எட்டு மணிக்குத் திறப்பு.
இன்றைய எட்டு, நேற்றைய ஏழு.
நேற்று வந்த சைக்கிள் கூட்டம், முப்பத்தொரு பேர்,
ஒரு முட்டை விடாமல் தின்றுவிட்டு
டயருக்குக் காற்றும் அடித்துக்கொண்டு போய்விட்டது.
கூடையில் மிச்சம் வைக்கோல்.

எட்டேகாலுக்குள் ஆறு மேசை நிறைந்தது.
ஓடர் சீட்டுகள் கம்பியில் ஆடின:
பொரித்தது இரண்டு, அவித்தது நான்கு,
கூ வீ ரப் அஸ்பரகஸோடு அரைவேக்காடு ஒன்று,
மிளகாய்த்தூள் ஒம்லெட்.
அது டெர்க். கேட்கத் தேவையில்லை.

மேட்டில் அபிசன்,
பள்ளிக்கூடக் காற்சட்டையும் என் சப்பாத்துமாய்,
முட்டைப் பெட்டிகளுக்கு முன் கூடையோடு நிற்கிறான்,
பஸ்ஸுக்கு நிற்பவன் போல.
"அம்மா, ஏழு" என்கிறது போன்.
பிறகு, "எட்டு."
பிறகு, "ஒண்டு இருக்குது, எழும்புதில்லை.
என்னை முறைக்குது."

"முட்டை இல்லையெண்டு சொல்லு" என்றான் நகுலேசன்.
"பலகையிலை என்ன எழுதியிருக்கெண்டு பாரும்" என்றேன்.
பலகை துவாரகியின் வேலை. கோணல் எழுத்து, சோக்கட்டி:
உருளைக்கிழங்கு: தோர்ப்டேல்.
பால்: வேலிக்கு அந்தப் பக்கம், டெர்க்.
முட்டை: உங்கள் முதுகுக்குப் பின்னால்.

அன்று நாங்கள் பேசிய முதல் வசனங்கள் இவை.
மா வாளிக்குள் நான் ஒளித்த வங்கிக் கடிதம்
அவன் கையில் அகப்பட்ட புதன்கிழமையிலிருந்து
"உப்பு", "தள்ளு", "மேசை நாலு".
சண்டை பிடிக்கவும் நேரம் வேண்டுமே.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
ஒரு மணித்தியாலம் இருந்தது எங்களுக்கு,
பாண் அடுப்புக்குள் இருக்க,
தேத்தண்ணியோடு படியில் குந்தி
கடனைக் கூட்டிக் கழித்து ஏசிக்கொள்ள.
பார்த்து அதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

டெர்க் கோப்பையைத் தூக்கினார்.
"என் மாடுகளும் கையெழுத்துப் போடவில்லை.
நாற்பது வருடமாய் விளக்கம் கேட்கின்றன."
மேசைகள் சிரித்தன.
மெல்பேர்னிலிருந்து வந்த பெண் ஒருத்தி
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.
பிறகு இன்னொரு மேசை. பிறகு எல்லோரும்,
கோப்பியும் கையுமாய்,
ஈரப் புல்லில் நல்ல சப்பாத்துகள் நனைய.

ஒரு முட்டையிட்டு ஊரைக் கூட்டும் என்பார்கள்.
இன்று ஊர் முதலே வந்து நின்றது.
பிரசவ வாசலில் நிற்கும் சனம் போல
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
விழுந்ததும் கைதட்டல்.
கோழி திகைத்து எழும்பித்
தான் செய்ததைத் தானே திரும்பிப் பார்த்திருக்கிறது.
அபிசன் சொன்னது. நாங்கள் காணவில்லை.

நாங்கள் இருவரும் வெறும் கதிரைகளோடு உள்ளே.
சட்டியில் வெண்ணெய் காத்திருந்து சிவந்தது.
அவன் நெருப்பைக் குறைத்தான்.
"எத்தனை மாசம்?"
"மூண்டு."
"மூண்டா?"
ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாயிருந்திருக்கும்.
மூலையில் கவிழ்ந்துகிடந்த பத்தாவது மேசையை
முதன்முறை காண்பவன் போலப் பார்த்தான்.
"சொல்லியிருக்கலாம்" என்றான்.
"எப்ப?" என்றேன்.
அதற்குப் பிறகு நிறையச் சொன்னேன்.

பதினொரு நிமிடம் இருக்கும்.
பின்னால் சனம் வர, கூடையை நெஞ்சோடு அணைத்து
"பதினாலு! பதினாலு!" என்று அபிசன் இறங்கி வந்தான்.
மிச்சம் நாற்பத்தொன்பதை
ஏப்ரலில் திருப்பித் தருவார்களாம்.

டெர்க்கின் ஒம்லெட்டுக்குத்தான்
மிளகாய்த்தூள் போட மறந்துபோனேன்.