விற்பனைக்கு அல்ல

காரின் பின்கண்ணாடியில்
வெள்ளைப் பெயின்டால் எழுதினேன்:
என் அப்பாவுக்கு ஒரு சிறுநீரகம் வேண்டும்.
ரத்தம் ஓ வகை.
கீழே என் போன் எண்.
பெயருக்கு இடம் போதவில்லை.
ரெய்யோ என்று, வைப்பர் எட்டாத மூலையில்
எறும்பு எழுத்தில்.

அன்றிலிருந்து அவர்
எங்கே போனாலும் காரைப் பின்னால் எடுத்துச்
சுவரை ஒட்டி நிறுத்துகிறார்.
மளிகைக்கடை, தபால் நிலையம், டயாலிசிஸ் வாசல்.
தண்டர் பே நகரத்துச் செங்கல் சுவர்கள் எல்லாம்
வாசித்துவிட்டன.
ஒரு சுவரும் இன்னும் கூப்பிடவில்லை.

இருபத்தெட்டு வருஷமாக
ஹாக்கி அரங்கில் ஐஸ் வண்டி ஓட்டுகிறார்.
பிள்ளைகள் கீறிப்போட்ட தரைமேல்
ஒரு சுற்றுக்கு அறுநூறு லிட்டர்
ஆவி பறக்க ஊற்றிக்கொண்டே போவார்.
சுடுதண்ணிதான் வழவழன்னு உறையும் என்பார்,
கேட்காதவர்களிடமும்.
அவருக்கு அனுமதி நாளைக்கு ஒரு லிட்டர்.
காப்பியும் சூப்பும் அதற்குள் அடக்கம்.
தாகம் முற்றினால்
ஒரே ஒரு ஐஸ் துண்டை நாக்கில் வைத்து
வாயை மூடிக்கொள்கிறார்.
அப்போது யாரும் அவரிடம் பேசுவதில்லை.

என்னுடையதைத்தான் முதலில் நீட்டினேன்.
பதினோரு குழாய் ரத்தம்,
ஒரு பகல் ஓர் இரவு
ஜாடியில் சேர்த்த மூத்திரம்,
குளிர்ந்த பசை தடவி ஒரு ஸ்கேன்.
டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்:
திராட்சைக் கொத்துபோல நீர்க்கட்டிகள்.
இன்னும் சின்னவை. அவருடையவைதான்.
அப்பா தந்ததைத் திருப்பித் தரப் போனேன்,
அப்பா தந்த இன்னொன்று குறுக்கே நின்றது.
திரும்பும் வழியில் மூன்று சிக்னல்.
மூன்றாவதில் அவர், "மன்னிச்சிடு" என்றார்.
பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் நின்றோம்.
பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கவில்லை.
வாசித்திருப்பான்.

ஆல்பர்ட்டாவில் இருக்கும் அண்ணன்
பரிசோதனைக்குப் போகவில்லை.
தனக்கும் உண்டா என்று தெரிய வேண்டாமாம்.
அது அவன் உரிமை என்றார் அப்பா.
நான் இன்னும் அப்படிச் சொல்லவில்லை.

முதல் வாரம் ஒன்பது அழைப்பு.
எட்டுப் பேர் கேட்டது, கார் என்ன விலை?
பனி மூடிய கண்ணாடியில்
எண் மட்டும் தெரிந்திருக்கும்.
ஒருவர் போனிலேயே ஜெபித்தார், நெடுநேரம்.
ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
முட்டையை இறக்கி ஓடு உரித்தேன்.
ஆமென் மட்டும் சொன்னேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை
அரங்கத்துக்கு அவரைக் கூட்டிவரப் போனேன்.
கார் மூக்கைச் சுவரில் வைத்து நின்றது.
கூரையில், பானட்டில் ஒரு சாண் பனி.
பின்கண்ணாடி மட்டும் துடைத்திருந்தது,
கையுறையின் ஐந்து விரல் தடமும் அப்படியே.
விளக்கின் கீழே, ஆட்டம் முடிந்து
குழந்தைகளும் தாய்தகப்பன்களும் வெளியேறுகிற பாதையில்.
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் சாவியைப் பார்த்தார்.
"உனக்கும் ஒருநாள் எழுதவேண்டி வரும்.
ஊர் வாசிக்கப் பழகட்டும்."

நேற்று ராத்திரி ஒரு பெண். டெல்பின் என்றாள்.
நிப்பிகனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாளாம்,
மகனை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தாளாம்,
அவர்கள் அணி தோற்றுவிட்டதாம்.
கார் ஓடுமா என்றாள்.
அது விற்பனைக்கு அல்ல என்றேன், வழக்கம்போல.
தெரியும் என்றாள்.
"வேற எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."
எங்கோ சாலையோரம் நிறுத்தியிருக்க வேண்டும்.
இண்டிகேட்டர் டிக் டிக் என்றது.
நான் ஓ தான் என்றாள்.
பிறகு டிக் டிக்.
பிறகு, வலிக்குமா?

இல்லை என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
வெளியே அப்பா பனி தள்ளிக்கொண்டிருந்தார்,
நான்கு வீசலுக்கு ஒருமுறை நின்று.

வலிக்கும் என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை.