வெயிலுக்குப் பன்னிரண்டு நாள்

நவம்பர் கடைசியில் எங்கள் கடலிடுக்கை விட்டு
வெயில் போய்விடும்.
தெற்கே மலை எழுந்து நின்று மறைத்துக்கொள்ளும்.
பகல் உண்டு, அதில் வெயில்தான் இல்லை.
பதினொரு மணிக்கு ஒரு நீலம் வந்து
வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும்,
கடன் கேட்க வந்து
கேட்காமலே திரும்புகிறவனைப் போல.

கிறிஸ்துமஸ் வரைக்கும் இருட்டு விருந்தாளி.
அப்புறம்தான் அது குடித்தனக்காரன்.

ஆறாம் தேதி மரத்தைக் கழற்றி
மூலையைப் பெருக்கினேன்.
மூலை பெரிதாகிவிட்டது.
ஜன்னல் விளக்குகளை மட்டும் தொடவிடவில்லை ஸ்டெய்ன்வோர்.
"அதற்கும் பண்டிகைக்கும் சம்பந்தமில்லை" என்றாள்.
துறைமுகத்தில் மீன் எடைபோடுகிறவன் நான்.
ஜனவரியில் எனக்குப் பேச்சு வராது,
வந்தாலும் கிலோ கணக்கில்தான் வரும்.
"கோட்டோடு சேர்த்து அந்த முகத்தையும் ஆணியில் மாட்டு"
என்பாள் அவள், தினமும், ஐந்தரைக்கு.

பத்தாம் தேதி பனிச்சரிவுக்குப் பயந்து சாலையை மூடினார்கள்.
அன்றைக்கே மாடியில் ரேடியேட்டர் செத்தது.
பழுது பார்க்கிறவர் மூடிய சாலைக்கு அந்தப் பக்கம்.

வியெஸ்வாவா இறங்கி வந்தாள்.
இறால் ஆலையில் வேலை, போலந்துக்காரி.
ஏழு வருஷமாக மேலே இருக்கிறாள்.
அவள் காலடிச் சத்தம் தெரியும், செருப்பைப் பார்த்ததில்லை.
ஒரு கையில் ரஜாய், மறுகையில் ஊறுகாய் வெள்ளரி ஜாடி.
"ஒரு ராத்திரி" என்றாள்.
ஒரு ராத்திரிக்கு யார் அவ்வளவு பெரிய ஜாடி கொண்டுவருவார்கள்?

கடையில் பால் தீர்ந்தது, ரொட்டி தீர்ந்தது.
புகையிட்ட ஆட்டுத் தொடையின் கடைசி எலும்பை
மூன்று தடவை கொதிக்கவைத்தோம்.
மூன்றாம் தடவை அது எலும்பின் ஞாபகம் மட்டும்.
வெள்ளரியைக் கடித்துக்கொண்டு குடித்தோம், நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டதும் சீட்டு.
எங்கள் மொழியில் எண்ணுவாள், அவள் மொழியில் திட்டுவாள்.
மகன் யோகுல் இரண்டே நாளில்
திட்டுகளை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொண்டான்.
யோகுல் என்றால் பனியாறு.
அப்படிப் பெயர் வைத்த பையன்
வீட்டுக்குள் பனியன்கூட இல்லாமல் திரிகிறான்,
அவன் ஒருவனே போதும், கால் ரேடியேட்டர்.

பன்னிரண்டாம் தேதி ராத்திரி மின்சாரமும் போனது.
வாடை சுவரைத் தோளால் இடித்தது.
ஸ்டெய்ன்வோர் டிராயரைக் கவிழ்த்தாள்:
மிச்ச மெழுகுவத்திகள் பதினொன்று,
சிவப்பு, பாதி தங்கம், ஒரு பாதி தேவதை.
எல்லா மெத்தையையும் ஒரே அறைக்கு இழுத்தோம்.
யார் காலோ என் முதுகில்.
கேட்கவில்லை, சூடாக இருந்தது.

வியெஸ்வாவா தூங்கிப்போனாள்.
குறட்டை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும்,
கரைக்கு வரும் இழுவைப் படகு அது.
யோகுல் இருட்டில் எழுந்து உட்கார்ந்து
"அப்பா, என்ன எடை இருக்கும்?" என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்கப் பார்த்தேன், மெத்தை குலுங்கிற்று,
ஸ்டெய்ன்வோர் குலுங்கினாள்,
ஜனவரியில் என் பல்லைப் பார்த்து
எத்தனை வருஷம் என்று கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நாலு மணிக்கு விளக்கு வந்தது.
ரேடியோ தானாகப் பேசத் தொடங்கி
வடமேற்குக் காற்று, கடும்பனி, சாலை மூடல் என்றது.
கேட்டோம்.
யாரும் அவரவர் அறைக்குப் போகவில்லை.

இன்று ரேடியேட்டர் சரியாகிவிட்டது.
இன்னும் பன்னிரண்டு நாளில்
மலையின் பள்ளத்தில் வெயில் விளிம்பு காட்டும்,
சில நிமிஷம்தான், மேகமில்லாமல் இருந்தால்.
அதற்கு ஊரே காப்பி போட்டு, பான்கேக் சுட்டு,
ருபார்ப் ஜாம் தடவிக் காத்திருக்கும்.
ஸ்டெய்ன்வோர் இப்போதே ஒத்திகை பார்க்கிறாள்.
முதல் பான்கேக் வழக்கம்போல் சட்டிக்கு.
இரண்டாவது எனக்கு, நின்றுகொண்டே.

மாடியில் காலடி கேட்கிறது, இன்றைக்கு வெறுங்கால்.
செருப்பு எங்கள் மேஜைக்கடியில் கிடக்கிறது, பச்சை, குதிகால் தேய்ந்தது.
அவள் கேட்கவில்லை.
நாங்களும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.