அக்டோபர் பட்டியல்

கான்சஸின் மேற்குக் கோடி.
மானியம் இறங்கும் மாதம்.
யாருக்கு எவ்வளவு என்று
கவுண்டி அலுவலகத்தில்
எனக்குத்தான் முதலில் தெரியும்.

டெல்மர் க்ரோக்கர் துவைத்த தொப்பியோடு வந்து
கையெழுத்திடுவான்.
காலையில்தான் தானியக் கிடங்கில்
"சர்க்கார் நம்மைச் சும்மா விட்டால் போதும்"
என்றிருப்பான்.
பேனாவை அவன் பக்கம் நகர்த்துவேன்.

அவன் பணம் அவன் வீட்டு வாசலைப் பார்த்ததில்லை.
டிராக்டர் தவணை, விதைக்கடன்,
போன வருடத்து ஆலங்கட்டி.

பட்டியலின் பெரிய தொகை
டென்வரில் பதினோராம் மாடியில் குடியிருக்கிறது.
சோளத்தட்டை கையைக் கிழிக்கும் என்று
அதற்குத் தெரியாது.
படிவத்தில் மட்டும் ஒரு பிழை இருக்காது.

இன்று டெல்மர் கேட்டான்:
"ஊரில் நான் எத்தனையாவது?"

சொல்லக் கூடாது.
வெளியே, மூன்று மாதம் பிந்தி,
அறுக்காத சோளத்தின் மேல்
மழை பிடித்திருந்தது.

"குடை இருக்கா?" என்றேன்.