முகட்டுக்கு அந்தப் பக்கம்

நேற்று இரவு நடு அறையின் இழுப்புக் கதவு
பாதியில் நின்றுவிட்டது.
தோளைக் கொடுத்துத் தள்ளினேன்; முனகியது.
யமகதா மலையில் கூரைகள் வாய் திறந்து பேசுவதில்லை.
கதவை அனுப்பிச் சொல்லும்:
தாங்கவில்லை.

காலை ஆறு மணிக்குக் கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது.
ஆற்றுக்கு மேலே ஒருவர்,
எழுபத்தோரு வயது, தனியாக ஏறியவர்.
பெயர் சொல்லவில்லை.
இரண்டு பேராக ஏறுங்கள். கயிறு கட்டுங்கள்.
தலைக்கவசம். கைப்பேசி சட்டைப்பைக்குள்.
வெயில் வந்தால் இறங்கிவிடுங்கள்.
பிறகு ஒரு மணியோசை, பிறகு பஸ் நேரம்.

இரண்டு பேர்.
தபால் நிலையத்தில் தினம் நூறு பெயர் படிக்கிறேன்,
இரண்டாவது ஆளுக்கு ஒரு பெயர் அகப்படவில்லை.
மகன் செண்டாயில்.
பக்கத்து வீட்டு இவாபுச்சியோடு
முகம் கொடுத்துப் பேசி மூன்று குளிர்காலம்,
என் கூரைப் பனி விழுந்து
அவருடைய செர்ரி மரம் பாதியாக முறிந்ததிலிருந்து.
மன்னிப்பு கேட்டேன்.
கேட்ட விதம் சரியில்லை என்றார்.
சரியாகத்தான் சொன்னார்.

ஏணியைத் தூக்கி வந்தபோது
வேலிக்கு அப்பால் நின்றிருந்தார்,
மஞ்சள் தலைக்கவசம், தோளில் கயிற்றுச் சுருள்.
வணக்கம் இல்லை.
பனியை மிதித்து இறுக்கி ஏணியின் காலை ஊன்றினார்.
மேலே மூன்று படி விளிம்பைத் தாண்டி நிற்கட்டும்,
அங்கே கட்டு என்று கையால் காட்டினார்.
வீட்டைச் சுற்றிப் போனார்.
கொஞ்ச நேரத்தில் கயிற்றின் நுனி
முகட்டைத் தாண்டி என் பக்கம் விழுந்தது.

கச்சையில் மாட்டிக்கொண்டு ஏறி எட்டிப் பார்த்தபோதுதான்
மறுநுனி எங்கே என்று தெரிந்தது:
அந்த மிச்ச அரைமரத்தில் இரண்டு சுற்று,
மீதி அவர் கையில்.
எவ்வளவு விட்டாலும் விளிம்புக்கு ஒரு முழம் முன்பே
நின்றுவிடும்படி முடிச்சு.
என் கூரையின் நீளம் அவருக்கு எப்படித் தெரியும்?
மூன்று வருஷமாக முறைத்துப் பார்த்திருக்கிறாரே.

மண்வெட்டியில் மெழுகுவத்தி தேய்த்திருந்தேன், பனி ஒட்டாமலிருக்க.
மேலே உமி மாதிரிப் புதுப்பனி.
அதற்குக் கீழே ஜனவரி, நனைந்த அரிசி மூட்டை.
அதற்கும் கீழே டிசம்பர்,
வெட்டினால் செங்கல் செங்கலாக வரும்.
ஓர் ஆசை வரும் அப்போது,
தகரம் தெரியும்வரை வழித்துவிடலாமே என்று.
கூடாது. ஒரு சாண் விட்டுவை.
அந்தக் கடைசிப் பனிதான் காலுக்குப் பிடிமானம்.
முழுக்கத் தீர்த்த கூரையில் யாரும் நிற்க முடியாது.

ஓர் இழுப்பு: தளர்த்து.
இரண்டு: நில்.
முகட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருப்பது
என் இடுப்புக்கு மட்டும் தெரிந்தது.

பத்தரைக்கு வெயில் வந்தது.
இன்னும் நாலே கட்டி என்றது கை.
காலடியில் ஒரு முனகல், கதவின் அதே முனகல்.
பிறகு நான் நின்ற இடமே கிளம்பிவிட்டது.

கயிறு விறைத்தது.
கீழே ஒரு மாதப் பனி ஒரே சத்தமாக விழுந்தது.
தகரத்தில் கன்னம் வைத்துக் கிடந்தேன்;
மண்வெட்டி போய்ச் சேர்ந்த இடம் தெரியவில்லை.

"தொமிகோ-சான்!"
கொஞ்சம் பொறுத்து, கோபமாக:
"வெயில் வந்தாச்சு, கண்ணு தெரியலையா?"

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு.
எனக்குக் குரல் வரவில்லை.
உயிரோடுதான் இருக்கிறேன் என்பதற்கு
நாங்கள் சைகை வைத்துக்கொள்ளவில்லை.
சும்மா கயிற்றை ஆட்டினேன்.
அந்தப் பக்கமிருந்தும் ஓர் ஆட்டம் வந்தது.

இறங்கியதும் தேநீர் என்றேன். வேண்டாம் என்றார்.
ஈரக் கயிற்றைச் சுற்றியபடியே,
"எங்க பக்கச் சரிவு அப்படியே இருக்கு.
நாளைக்கு, வெயிலுக்கு முன்னாடி.
உங்க பக்கம் கட்ட மரம் இருக்கா?"

தேடினேன். எனக்கு மரம் இல்லை.
குளியலறைத் தூணைக் காட்டினேன்.
போய் இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தார்,
பதில் சொல்லாமல் போய்விட்டார்.

இரவு கதவு முக்கால்வாசி திறந்தது.