அரைப் புள்ளி

பகலில் எனக்கு எல்லாருடைய பிறந்த தேதியும் தெரியும்.
கழனிவாசல் இ-சேவை மையத்தில் இரண்டாவது மேசை.
சாந்து தின்ற கொத்தனார் விரலை
ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து
கருவியில் வைப்பேன். பிடிக்காது.
"இன்னும் அழுத்துங்கண்ணே." பிடிக்காது.
ஓடிபி வந்தால் ஆறு எண்ணையும்
ஏலம் கூறுவதுபோல் தெருவுக்கே சொல்வார்கள்.

இரவில் எனக்கு யாரையும் தெரியாது.
அந்தச் செயலியில் எல்லாருக்கும் ஒரே பெயர், அந்நியர்.
பதிவு வேண்டாம், படம் வேண்டாம்.
"உங்களைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது"
என்று முகப்பிலேயே போட்டிருக்கும்.
அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன்.

ஏனென்றால் இங்கே
பிறக்கும் முன்பே என்னைத் தெரியும்.
எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் மகள்,
எந்த வருசம் கட்டிக் கொடுத்தார்கள்,
எத்தனையாவது மாதம் திரும்பி வந்தாள்.
பட்டியலை வாசித்து வாசித்து
சாமானை இரண்டு லாரியில் ஏற்றிய நாள்
எனக்கு மறந்தாலும் பக்கத்து வளவுக்கு மறக்காது:
எவர்சில்வர் வாளி பதினெட்டு,
மங்குச் சட்டி ஒன்பது, அதில் மூடி இல்லாதது ஒன்று.

பிறகு கோயில் வரிப் புத்தகத்தில்
என்னை எப்படி எழுதுவதென்று ஒரு கூட்டம்.
தம்பதி என்றால் ஒரு புள்ளி.
போனவர் போக மிஞ்சியவர் அரைப் புள்ளி.
நான், யாரும் சாகாத பாதி.
காரியம் பார்க்கிற சாத்தப்பண்ணன்
பேனாவை மூடிவிட்டார்.

சனிக்கிழமைகளில் ஒரே அந்நியர் வரும்.
அவனா அவளா தெரியாது,
அவுக என்று வைத்துக்கொண்டேன்.
பல்வலி பற்றிப் பேசுவோம், மழை பற்றி,
உப்பு போட மறந்த குழம்பு பற்றி.
வயதில் நான்கு குறைத்திருந்தேன்.
ஊர் கேட்டதற்குச் சேலம் என்றேன்.
பெயர், ஷர்மிளா.
எல்லாவற்றையும் மறைத்துவிட்டு
ஒரு சொல்லை மறைக்க மறந்தேன்.
"அப்பச்சி போனப்பகூட நான் அழல."

மூன்று புள்ளிகள் துள்ளின.
நின்றன.
மறுபடி துள்ளின.
"காரைக்குடியா, தேவகோட்டையா?"

திரையை அணைத்தேன்.
மின்விசிறியையும் அணைத்தேன், எதற்கென்று தெரியாமல்.

என்னிடம் எடுத்ததை எனக்குக் காட்டுங்கள்
என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினேன்.
பதினோராம் நாள் கோப்பு வந்தது,
நாற்பத்திரண்டு பக்கம்.
எதுவும் தெரியாதவர்களுக்கு
என் பேட்டரி எத்தனை சதவீதத்தில் இருந்ததென்றுகூடத் தெரியும்.
ஒவ்வொரு வரிக்கும் நேரம், நொடிவரை.
எழுதி அனுப்பாமல் அழித்தவையும் இருந்தன:
"எனக்கு" என்று தொடங்கி
அங்கேயே நின்றுபோன ஏழு வரிகள்.

ஊர் என்ற கட்டத்தில் கோயம்புத்தூர்.

சிரித்துவிட்டேன்.
எந்த மண்ணில் தகப்பனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று
நாற்பத்திரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை.
அவுகளுக்கு ஒரே சொல்லில் தெரிந்தது.
அப்படியென்றால் அவுகளும்

இந்த வரியை நானே அழித்துவிடுகிறேன்.

எல்லாவற்றையும் நீக்கச் சொல்லிக் கேட்டேன்.
பதில் உடனே வந்தது, மிகவும் கனிவாக:
நீங்கள்தான் நீங்கள் என உறுதிசெய்ய
அரசு அடையாள அட்டை, இருபுறமும், தெளிவாக.

பெயரில்லாதவளை அழிக்கப் பெயர் வேண்டுமாம்.

ஊருக்கெல்லாம் திருத்தம் போட்டுத் தருகிறேன்.
என் அட்டையில் இன்னும்
கணவர் பெயர் அப்படியே இருக்கிறது.
மதியம் கூட்டம் குறைந்தபோது
ஸ்கேனர் மூடியைத் தூக்கினேன்.
அட்டை கையிலேயே இருந்தது.
வெறும் கண்ணாடிக்கு அடியில்
வெளிச்சம் ஒருமுறை போய்த் திரும்பியது.

"அடுத்து யாரு?"

வெற்றிலைக் கட்டோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.
கைபேசி கிணுங்கியது.
எண்களைச் சொல்ல வாயெடுத்தாள்.

"சத்தமா வேணாங்க.
இங்ஙன திருப்பி, எனக்கு மட்டும் காட்டுங்க."