எத்தனை நிமிடம் என்றான்

என் வேலை நாற்காலியில்.
மூன்று திரை, காலடியில் ஒரு மிதி, காதில் ஒரு கருவி.
மனிதரைவிட மாடுகள் அதிகமுள்ள
மேற்கு நெப்ராஸ்காவில்
ஒரு கவுண்டி முழுவதற்கும் நான்தான் காது.

அன்று காலை நெடுஞ்சாலையில்
மாட்டு லாரி கவிழ்ந்ததென்று
இருந்த இரண்டு வண்டிகளையும் அனுப்பிவிட்டேன்.
மிச்சம் வெண்டல் க்ராட்ஸ்.
பள்ளிக்கு எதிரே பெட்ரோல் பங்கில்
காப்பிக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒன்பது ஐம்பத்திரண்டு.
முதலில் அழைத்தது ஒரு குழந்தை.
அழவில்லை.
பள்ளியின் முகவரியை, கதவு எண்ணோடு,
பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னது.

பழைய கையேட்டில்
நால்வர் சேரும்வரை நில் என்றிருந்தது.
அதன்மேல் புதுத் தாளை ஒட்டியவள் நான்:
ஒருவரே ஆனாலும் உள்ளே செல்க.
ஒருவர்.
மரியாதைக்கு ஒரு விகுதி சேர்த்துவிட்டால்
ஒற்றை ஆள் பலராகிவிடுவானா?
பசை அதிகமாகி ஓரம் சுருண்டது.
விளக்கொளியில் பிடித்தால்
இன்றைக்கும் அடியில் அந்த நால்வர் தெரிகிறார்கள்.

வெண்டல் என்னிடம் அனுமதி கேட்கவில்லை.
எத்தனை நிமிடம் என்றான்.

பதினொன்று. திரையில் இருந்தது.
இரண்டு என்றால் நின்றிருப்பான்.
நாற்பது என்றால் யோசிக்காமல் போயிருப்பான்.
பதினொன்று,
ஓர் ஆளை வாசற்படியில் நிறுத்தி
இரண்டாகப் பிளக்கிற எண்.

"வந்துகொண்டிருக்கிறார்கள்" என்றேன்.
எவ்வளவு நீளமான சொல்!
அதைச் சொல்லி முடிப்பதற்குள்
இரண்டு முறை வெடித்தது.

"வடக்குக் கதவு பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம்?"
அவன் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.
வீரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்
சாவியைப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகு நாற்பது வினாடி
மூச்சு மட்டும்.
பிறகு கண்ணாடி.

விசாரணையில் ஒரு வழக்கறிஞர் சொன்னார்:
தனியாகப் போனவன் விழுந்திருந்தால்
கொலைகாரனுக்கு இன்னொரு துப்பாக்கி கிடைத்திருக்கும்.
சரிதான்.
ஆரின் டீக் எழுந்தார்.
தொப்பியை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தார்.
நாற்பது வினாடி ஏன் நின்றான் என்றார்.
ஆறாம் அறையில் அவர் மகள்.
அதுவும் சரிதான்.
இரண்டு சரிகளுக்கும் நடுவே வெண்டல்
தோளில் கட்டோடு
தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னிடம் ஒரே கேள்வி:
எண்ணைக் கேட்டவனிடம் ஏன் எண்ணைச் சொல்லவில்லை?

ஒலிப்பதிவைப் போட்டார்கள்.
அந்த நாற்பது வினாடிக்குள்
ஒரு சின்னக் 'களுக்'.
பழுது என்றார் தொழில்நுட்பக்காரர்.
இல்லை, என் மிதி.
பேச மிதித்திருக்கிறேன்.
போ என்று சொல்லவா, நில் என்று சொல்லவா,
இன்றுவரை எனக்கே தெரியாது.
அவனுக்குக் கேட்டதா என்று
நான் கேட்டதில்லை.

வெண்டல் இப்போது தானியக் கிடங்கில்
லாரிகளை எடை போடுகிறான்.
கடைத்தெருவில் பார்த்தால்
இடது கையை உயர்த்துவான்.
குளிரைப் பற்றிப் பேசுவோம், கோதுமை விலையைப் பற்றி.

இந்த ஆண்டு பட்ஜெட்டில் கவுண்டி
இன்னோர் ஆளை எடுக்கவில்லை.
வடக்குக் கதவுக்கு இரண்டாவது சாவி செய்தார்கள்.
பாதுகாப்பாக இருக்கட்டும் என்று
என் திரைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்,
கதவிலிருந்து
பதினாறு மைல் தள்ளி.