அறுபதாவது முட்டை

மரமே இல்லாத தீவில்
முட்டையை எங்கே ஒளிப்பது?
சனிக்கிழமை இரவு, ப்ரனெல்லாவின் சமையலறையில்
இதுதான் பேச்சு.

ஃபாக்லாந்தில் ஈஸ்டர் இலையுதிர்காலத்தில் வரும்.
உதிர இலை கிடையாது,
காற்று தொப்பிகளை உதிர்க்கும்.
கோழிகளுக்கும் இது இறகு மாற்றும் மாதம்.
மூன்று பண்ணைகளில் கெஞ்சிச் சேர்த்தது அறுபது.
வெங்காயத் தோலில் இருபது, பீட்ரூட்டில் இருபது,
மிச்சத்தை நீலமாக்குகிறேன் என்று
சிவப்பு முட்டைக்கோஸை வேகவைத்து
வீட்டை நாறடித்துவிட்டாள் ப்ரனெல்லா.

பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம்.
போன வருடம் பறந்தவை
இன்னும் தென்கடலில் போய்க்கொண்டிருக்கும்.

குழந்தைகள் ஒன்பது பேர்.
குட்டிகள் மூவருக்கு வேலியோரம், முழங்கால் உயரத்துக்குள்.
டெகனின் மகன் ஓட்டக்காரன்,
அவனுக்குப் பீட் வெட்டிய பள்ளத்தின் அக்கரை.
கம்பளி வெட்டும் கொட்டகைக்குப் பின்னே
பழைய டிராக்டர் டயருக்குள் ஐந்து.
நான் சொல்லிக்கொண்டே போக
சிம்பராஷே பென்சில் கேட்டான்.

கட்டம் போட்டான்.
முட்டைக்கு ஓர் எண்,
எந்தக் கம்பத்திலிருந்து எத்தனை அடி,
மேலே புல்லா, கல்லா.
"முட்டை வேட்டைதானே, ராணுவமா?"
ப்ரனெல்லா சிரித்தாள்.
அவன் தலை நிமிரவில்லை.
"ஜிம்பாப்வேயிலிருந்து வந்து
பதினோரு வருடம் இந்த மண்ணில் குப்புறப் படுத்திருந்தேன்.
புதைத்தவன் எழுதி வைக்காததைத் தேடி.
எழுதி வைத்தவனை
ஒருநாளும் நான் திட்டியதில்லை."

கெட்டில் ஊதியது. யாரும் எழுந்து போகவில்லை.

ஆறு வயதில் என் வகுப்பறைச் சுவரில்
படம் படமாய் ஒட்டியிருக்கும்,
தட்டு போல ஒன்று, டப்பா போல ஒன்று.
அழகாயிருந்தாலும் தொடாதே.
வேலிக்கு அப்பால், கடற்கரை முழுக்கப் பெங்குவின்கள்.
அவற்றுக்கு எடை போதாதாம், வெடிக்காதாம்.
உனக்குப் போதும் என்றார்கள்.
அதைப் பெருமையாய் நினைத்த ஞாபகம்கூட இருக்கிறது.

கடைசிக் கண்ணியையும் எடுத்தாகிவிட்டது,
வேலியையும் பிரித்தாகிவிட்டது.
ஆனாலும் அந்த வாயால்தான் நாளைக் காலை சொல்ல வேண்டும்:
குனியுங்கள், புல்லை விலக்குங்கள்,
பளிச்சென்று எது தெரிந்தாலும் எடுங்கள்.
குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன்.
"எடுங்கள்" இரண்டு தடவை
தொண்டையிலேயே நின்றது.

விடியுமுன் ஒளித்தோம், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
பத்து மணிக்கு விசில்.
ஒன்பது பேரும் ஒன்பது திசை.
காலடி பார்க்காமல், கோடு பார்க்காமல்,
விழுந்து, எழுந்து, கத்திக்கொண்டு.
நான் மூச்சை எங்கோ வைத்துவிட்டேன்.
சிம்பராஷேயின் மகள் ருங்கனோ
ஒரு கையில் முட்டை, மறு கையில் இன்னொரு முட்டை,
மூன்றாவதை எதால் எடுப்பது என்று
நின்று யோசித்தாள்.

எண்ணினோம். ஐம்பத்தொன்பது.
மறுபடி எண்ணினோம்.
போனால் போகட்டும், சூப் ஆறுகிறது என்றாள் ப்ரனெல்லா.
அவன் தாளைப் பார்த்தான்:
முப்பத்தேழு, நீலம், வெள்ளைப் புல் திட்டு,
மூன்றாம் கம்பத்திலிருந்து நான்கடி.
போய் அங்கே குப்புறப் படுத்தான்.
மேசைக்கத்தியைச் சாய்த்துப் பிடித்து
விரல் அகலம், விரல் அகலமாய்
மண்ணைக் கேட்டுக்கொண்டே போனான்.
பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள்.
அப்புறம் ஒவ்வொருவராய்
அவன் பின்னால், கொஞ்சம் தள்ளி, வரிசையில் நின்றார்கள்.
யாரும் சொல்லவில்லை அப்படி நிற்க.

"அப்பா, மேலே" என்றாள் ருங்கனோ.

கொட்டகைக் கூரைத் தகரத்தில்
ஒரு காரகாரா, தீவின் நிரந்தரத் திருடன்,
காலடியில் நீல ஓடு,
அலகில் மஞ்சள் கரு.
எங்களைப் பார்த்தபடியே விழுங்கியது.

அவன் எழுந்து முழங்காலைத் தட்டினான்.
தாளில் முப்பத்தேழுக்கு நேரே
"பறவை" என்று எழுதி,
மணி போட்டு, கையெழுத்தும் போட்டான்.
பிறகுதான் சூப் குடிக்க வந்தான்.